நிரலுக்குள் இருக்கும் மேற்கோள்களைப் பிடிக்க: ரெஜெக்ஸ் போதுமா, ஸ்கேனர் வேண்டுமா, டோக்கனைசருக்கே போவதா?

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். “அக்கா, செக்ரோல் சொஃப்ட்வெயார் ஒண்ணு கையில இருக்கு. மெசேஜ் எல்லாம் இங்கிலீஷ். மேற்கோளுக்குள்ள இருக்கிறத மட்டும் வெளிய எடுத்து தமிழ் போடணும். ரெஜெக்ஸ் எழுதுனேன், பாதி வருது, பாதி வரமாட்டேங்குது. இத விட்டுட்டு பார்சர் படிக்கவா?” செக்ரோல் என்றால் தோட்டத்துச் சம்பளப் பதிவேடு. ரெஜெக்ஸ் என்பது எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடும் குறிமுறை, பார்சர் என்பது நிரலை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் கருவி.

ஹட்டனில் சனிக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஒருத்தர் “ரெஜெக்ஸால் முடியவே முடியாது” என்று எங்கேயோ படித்திருப்பார். இன்னொருத்தர் ஒரே வரியில் முடிந்த கதையைப் படித்திருப்பார். இரண்டும் பாதி உண்மை என்பதால் தேர்வு கஷ்டமாகிறது.

இந்த விஷயம் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். சம்பள நாளில் சீட்டை என் கையில் கொடுத்து, “எவ்வளவு பிடிச்சிருக்காங்கன்னு பாரு” என்பார். சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். பின்னாளில் அதே மாதிரி ஒரு சம்பள மென்பொருளைத் தமிழாக்கும் வேலை என்னிடமே வந்தது. முதல் மாதச் சீட்டு அச்சாகி வந்தபோது ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), முற்பணம், தூள் காசு, சந்தா என்று சம்பளத்தில் பிடிக்கும் நாலு கழிவு வரிகளும் ஆங்கிலத்திலேயே நின்றன. மேலே பெயர், பிரிவு, வேலை நாள் எல்லாம் அழகான தமிழ். எந்த இடத்தில் ஒரு தொழிலாளி கண்ணை வைத்துப் பார்ப்பாரோ அந்த இடம் மட்டும் வாசிக்க முடியாமல் போயிருந்தது. தவறு என் ரெஜெக்ஸில். எப்படி நடந்தது என்று மூன்றாவது தெரிவைப் பேசும்போது சொல்கிறேன்.

## எதை வைத்துத் தேர்வது

முதல் கேள்வி, ஒன்று தப்பிப்போனால் என்ன ஆகும்? ஒரு சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடுகிறீர்கள் என்றால், ஒன்றிரண்டு தவறினாலும் கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிடலாம். கோப்பையே மாற்றி எழுதப் போகிறீர்கள் என்றால் கதை வேறு.

இரண்டாவதும், என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியதும்: ஸ்ட்ரிங் (மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்) எங்கே தொடங்குகிறது என்று உங்கள் கருவிக்குத் தெரியுமா? ஸ்ட்ரிங் எங்கே முடிகிறது என்பதில்தான் எல்லோரும் மண்டையை உடைக்கிறார்கள். ஆனால் ஒரு மேற்கோள் குறி தொடக்கமா, முடிவா, கொமென்டுக்குள் (ஆட்கள் வாசிக்க நிரலில் எழுதிவைக்கும் குறிப்புக்குள்) சும்மா கிடக்கிறதா என்பது அதற்கு முன்னால் வந்த எல்லாவற்றையும் பொறுத்தது. கோப்பின் நடுவில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது.

இதோடு இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும். மூடாத ஸ்ட்ரிங் ஒன்று வந்தால் வேகம் என்ன ஆகிறது? பாதி எழுதிய, கொம்பைல் ஆகாத கோப்பிலும் வேலை செய்யுமா? நாளைக்கு உங்கள் இடத்தில் உட்காருகிறவருக்கு அது புரியுமா? மலையகத்தில் இருப்பவர்களுக்கு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: அதை நிறுவ எவ்வளவு டேட்டா போகும்? மழைக்காலத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டும் லயத்து வீட்டில் உட்கார்ந்து நூறு பொதிகளைத் தரவிறக்க முடியாது. மொழியோடு கூடவே வரும் கருவி என்றால் அது பெரிய வசதி.

## தெரிவு 1: ஒரு வரி எளிய ரெஜெக்ஸ்

எல்லோரும் முதலில் எழுதுவது இது:

```
".*"
```

இந்த வரியில் ஓட்டிப் பாருங்கள் (`வை` என்பது ஒரு செயற்பெயர், அதாவது ஃபங்ஷனின் பெயர்):

```
வை("அரைப் பேர்"); வை("முழுப் பேர்");
```

நட்சத்திரம் பேராசைக்காரக் குறி. முதல் மேற்கோளில் தொடங்கி வரியின் கடைசி மேற்கோள்வரை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு ஸ்ட்ரிங்கும் நடுவிலுள்ள நிரலும் ஒரே மூட்டையாக வரும். அதைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு:

```
".*?"
"[^"]*"
```

பாடங்களில் இரண்டாவதைத்தான் மெச்சுவார்கள். மேற்கோள் அல்லாத எதையும் எடு என்று நேராகச் சொல்கிறது, பின்வாங்கிப் பார்க்கும் வேலை குறைவு. ஆனால் அதில் ஒரு மறைவான செலவு இருக்கிறது. வழக்கமான நிலையில் புள்ளி வரிமுடிவைத் தாண்டாது, `[^"]` தாண்டும். ஆகவே கோப்பில் எங்காவது ஒரு மேற்கோள் சோடியில்லாமல் மிஞ்சிவிட்டால், `".*?"` அந்த ஒரு வரியில்தான் தவறும். `"[^"]*"` அங்கிருந்து உள்ளே வெளியே தலைகீழாகி, இன்னொரு மிச்ச மேற்கோள் வந்து நேராக்கும்வரை, பெரும்பாலும் கோப்பின் முடிவுவரை, நிரலை ஸ்ட்ரிங் என்றும் ஸ்ட்ரிங்கை நிரல் என்றும் சொல்லிக்கொண்டே போகும். சதுர அடைப்புக்குள் வரிமுடிவுக் குறியையும் (`\n`) சேர்த்துவிட்டால் இந்த ஆபத்து அடங்கும். நான் இப்போதெல்லாம் சேர்த்துத்தான் எழுதுகிறேன், இங்கே காட்டும் வடிவங்களில் மட்டும் எளிமைக்காக விட்டிருக்கிறேன்.

எஸ்கேப், அதாவது ‘அடுத்து வரும் மேற்கோள் முடிவில்லை’ என்று முன்னால் பேக்ஸ்லாஷ் (`\`) போட்டுச் சொல்வது, வந்தால் இரண்டும் விழும்.

```
வை("துரை \"நாளைக்கு வாங்க\" என்றார்");
```

இதில் `"துரை \"` ஒரு துண்டு, `" என்றார்"` இன்னொரு துண்டு. துரை சொன்னது மட்டும் வெளியே போய்விட்டது.

இந்தத் தெரிவு நல்லது எப்போது? எடிட்டரின் தேடல் பெட்டியில். நீங்களே எழுதிய, எஸ்கேப் இல்லை என்று தெரிந்த அமைப்புக் கோப்பில். ஒருமுறை பார்த்துவிட்டு மூடப்போகும் வேலைக்கு. அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

ஒரு சின்னக் குறிப்பு. வேர்டில் தட்டச்சு செய்து அனுப்பிய நிரலில் நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். அது வேறு எழுத்து. ரெஜெக்ஸும் பிடிக்காது, கொம்பைலரும் ஏற்காது. “வரமாட்டேங்குது” என்று என்னிடம் வந்த பல கேள்விகளுக்கு இதுதான் காரணமாக இருந்தது.

## தெரிவு 2: எஸ்கேப் தெரிந்த ரெஜெக்ஸ்

```
"(?:[^"\\]|\\.)*"
```

மேற்கோளும் இல்லாத, பேக்ஸ்லாஷும் இல்லாத ஒரு எழுத்து, இல்லாவிட்டால் பேக்ஸ்லாஷும் அதற்கு அடுத்த எழுத்தும் ஒரு சோடி. இதுதான் வேண்டியது எல்லாம். 1950களில் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி வரையறுத்த ஒழுங்கு மொழிகளுக்குள் (ரெஜெக்ஸால் பிடிக்கக்கூடிய அமைப்புகளுக்குள்) இந்த அமைப்பு அடங்கிவிடுகிறது. ஆகவே “ரெஜெக்ஸால் ஸ்ட்ரிங்கைப் பிடிக்க முடியாது” என்பது பொதுவாகச் சொன்னால் தவறு. ஜாவா, சி போன்ற மொழிகளின் சாதாரண ஸ்ட்ரிங்கை, சரியான இடத்தில் தொடங்கினால், ரெஜெக்ஸ் துல்லியமாகப் பிடிக்கும்.

இங்கே மூன்று பள்ளங்கள் உண்டு. மூன்றிலும் ஆட்கள் விழுந்து நான் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, பின்னால் பார்க்கும் குறுக்குவழி: `".*?(?<!\\)"`. முன்னால் பேக்ஸ்லாஷ் இல்லாத மேற்கோளில் நிறுத்து என்கிறது. படிக்க அழகு. ஆனால் `"தோட்டம்\\"` என்ற ஸ்ட்ரிங் வந்தால்? அங்கே கடைசி பேக்ஸ்லாஷ் தன் முன்னவனோடு சோடி சேர்ந்து முடிந்துவிட்டது, மேற்கோள் உண்மையான முடிவு. இந்த வடிவம் அதை எஸ்கேப் என்று நினைத்துத் தாண்டி அடுத்த ஸ்ட்ரிங்குக்குள் போய்விடும். விண்டோஸ் கோப்புப் பாதைகள் உள்ள நிரலில் இது தினமும் நடக்கும்.

இரண்டாவது, சதுர அடைப்புக்குள் பேக்ஸ்லாஷை விட்டுவிடுவது: `"(?:\\.|[^"])*"`. ஒழுங்கான ஸ்ட்ரிங்கில் சரியாக ஓடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. மூடாத ஒன்று, உதாரணமாக வரிக் கடைசியில் `"அம்மா \"` என்று வந்து, அதற்குப் பின் கோப்பில் மேற்கோளே இல்லை என்று வையுங்கள். எஞ்சின் (ரெஜெக்ஸை ஓட்டிப் பார்க்கும் உள் நிரல்) பின்வாங்கி வந்து, “பேக்ஸ்லாஷும் மேற்கோள் இல்லாத எழுத்துத்தானே” என்று அதைத் தனியாக விழுங்கி, எஸ்கேப் செய்த மேற்கோளையே முடிவாக்கிவிடும். இரண்டு கிளைகளும் ஒரே எழுத்தைத் தொடக்கூடாது என்பதுதான் விதி.

மூன்றாவதுதான் ஆபத்தானது. வேகமாகட்டும் என்று ஒரு கூட்டல் குறியைச் சேர்ப்பார்கள்:

```
"(?:[^"\\]+|\\.)*"
```

நட்சத்திரத்துக்குள் கூட்டல். மூடாத ஸ்ட்ரிங் வந்தால், அந்த எழுத்துகளை எத்தனை விதமாகத் துண்டுபோடலாமோ அத்தனையையும் பின்வாங்கும் எஞ்சின் முயன்று பார்க்கும். 30 எழுத்துக்கு 53 கோடிக்கு மேற்பட்ட விதங்கள். தமிழில் இது இன்னும் சீக்கிரம் வந்து சேரும். “கொழுந்து” நம் கண்ணுக்கு நாலு எழுத்து. யூனிகோடில் க, ொ, ழ, ு, ந, ், த, ு என்று எட்டுக் குறிகள். நம் ஒரு சின்ன வசனமே 30ஐத் தாண்டிவிடும்.

பெரிய இடங்களிலும் இந்தப் பின்வாங்கல் சேதம் செய்திருக்கிறது. 2016 ஜூலையில் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் விழுந்து கிடந்ததற்கும், 2019 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை வழியாகப் போகும் தளங்கள் 27 நிமிடம் பிழை காட்டியதற்கும் தலா ஒரு ரெஜெக்ஸ்தான் காரணம்.

மருந்து, லூப்பை விரித்து எழுதுவது:

```
"[^"\\]*(?:\\.[^"\\]*)*"
```

சாதாரண எழுத்துகளை ஒரே மூச்சில் அள்ளு, எஸ்கேப் வந்தால் மட்டும் உள்ளே போய் வா. பிடிப்பது அதே ஸ்ட்ரிங்தான், துண்டுபோடுவதற்கு ஒரே ஒரு வழி. ஜாவாவில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. முதலில் காட்டிய கிளை வடிவத்தை மிக நீளமான ஸ்ட்ரிங்கில் ஓட்டினால் ஜாவாவின் எஞ்சின் ஒவ்வொரு எழுத்துக்கும் தன்னைத்தானே அழைத்துக்கொண்டு ஸ்டாக் (அழைப்புகளை நினைவு வைக்கும் இடம்) நிரம்பி விழும். விரித்த வடிவம் எஸ்கேப்புகளின் எண்ணிக்கைக்கு மட்டுமே அப்படிச் செய்யும்.

கோ, ரஸ்ட் மொழிகளின் வழக்கமான ரெஜெக்ஸில் இந்தப் பயமே இல்லை. கூகுளின் ஆர்ஈ2 என்ற ரெஜெக்ஸ் எஞ்சின் போல, உள்ளீட்டின் நீளத்துக்கு நேர் விகிதத்தில்தான் அவை நேரம் எடுக்கும். அதற்கு விலையாக, பின்னால் பார்ப்பதும் பின்சுட்டும் (முன்பு பிடித்ததையே மறுபடி கேட்பதும்) அங்கே கிடையாது. பைத்தனில் 3.11 முதல் பின்வாங்காத கூட்டல் குறி உண்டு. பிஎச்பியில் பின்வாங்கலுக்கு இயல்பாக 10 லட்சம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். தாண்டினால் ‘இல்லை’ என்ற பூச்சியத்துக்குப் பதில் பொய் மதிப்பு (`false`) திரும்பி வரும். இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காத நிரல், தோல்வியை “ஸ்ட்ரிங் இல்லை” என்று எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு மறைவான செலவு, ரெஜெக்ஸை ஜாவா ஸ்ட்ரிங்குக்குள் எழுதும்போது வரும்:

```
"\"[^\"\\\\]*(?:\\\\.[^\"\\\\]*)*\""
```

ஆறு மாதம் கழித்து இதைத் திறந்து பார்க்கிறவருக்கு என்ன புரியும்? மேலே ஒரு கொமென்டில் எளிய வடிவத்தையும் எழுதி வையுங்கள்.

பேக்ஸ்லாஷ் விதி எல்லாக் கோப்புக்கும் பொதுவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒருமுறை பழைய கொடுப்பனவுப் பட்டியல் ஒன்று சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக வந்தது. யூனிகோடுக்கு முந்திய காலத்துத் தமிழ் எழுத்துரு ஒன்றில் அடித்தது. அந்த எழுத்துருவில் ‘ஷ’ எழுத்து பேக்ஸ்லாஷின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் “விசேஷ” என்று மட்டும் இருந்தது. அதாவது பேக்ஸ்லாஷ், உடனே மூடும் மேற்கோள். என் எஸ்கேப் ரெஜெக்ஸ் அதைத் தாண்டி அடுத்த கட்டத்தையும் விழுங்கியது. கோப்பில் பிழை இல்லை. சிஎஸ்வியில் பேக்ஸ்லாஷுக்கு எந்த அதிகாரமும் இல்லை, மேற்கோளை இரட்டிப்பதுதான் அங்கே எஸ்கேப். தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லின் பொது விதியும் அதுவே. அங்கே வேண்டியது இது:

```
"[^"]*(?:""[^"]*)*"
```

யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் எழுதிய தமிழில் இந்தச் சிக்கல் வராது. தமிழ் எழுத்தின் எந்த பைட்டும் மேற்கோளின் பைட்டோடோ பேக்ஸ்லாஷின் பைட்டோடோ மோதுவதில்லை.

இரண்டாம் தெரிவு பொருந்துவது, ஸ்ட்ரிங்கின் தொடக்கம் ஏற்கெனவே கையில் இருக்கும்போது: ஒரு குறிப்பிட்ட செயற்பெயருக்குப் பின் வரும் ஸ்ட்ரிங் வேண்டும், பதிவுக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் ஒரே இடத்தில் வரும் மதிப்பு வேண்டும் என்பது போல.

## தெரிவு 3: கொமென்டையும் சேர்த்து விழுங்கும் ரெஜெக்ஸ்

அந்த நாலு கழிவு வரிகளின் கதை இங்கேதான். சம்பளச் சீட்டு பழைய டொட்-மெட்ரிக்ஸ் பிரின்டரில், ஓரத்தில் துளையுள்ள தொடர் தாளில் அச்சாகும். அந்தக் கோப்பை முதலில் எழுதியவர் அக்கறையாக ஒரு கொமென்ட் போட்டிருந்தார்:

```
வை("பிரிவு//கணக்கு"), // 9.5" தாள்
வை("முற்பணம்");
```

ஒன்பதரை அங்குலம். அந்த அங்குலக் குறி சோடியில்லாத ஒரு மேற்கோள். இரண்டாம் தெரிவு ரெஜெக்ஸ், வரிமுடிவைத் தடுக்காத வடிவத்தில், முதல் ஸ்ட்ரிங்கைச் சரியாக எடுத்தது. அடுத்து அங்குலக் குறியில் தொடங்கி, தாள் என்ற சொல்லையும் வரிமுடிவையும் தாண்டி, முற்பணத்துக்கு முன்னாலிருந்த மேற்கோள்வரை ஒரு ‘ஸ்ட்ரிங்’ எடுத்தது. முற்பணம் வெளியே. அங்கிருந்து எல்லாம் தலைகீழ். அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் உள்ள துண்டுகளைக் குப்பை என்று தள்ளிவிட நானே ஒரு வடிகட்டி போட்டிருந்தேன். அதனால் தவறான துண்டுகள் சத்தமில்லாமல் மறைந்தன. பட்டியல் சுத்தமாகத் தெரிந்தது. நாலு வரிகள் அதில் இல்லை.

“அப்போ கொமென்டை முதலில் அழித்துவிட்டு ஸ்ட்ரிங்கைத் தேடலாமே?” என்று தோன்றும். அதே உதாரணத்தைப் பாருங்கள். முதல் ஸ்ட்ரிங்குக்குள்ளேயே இரட்டைச் சாய்கோடு இருக்கிறது. கொமென்டை முதலில் அழித்தால் `வை("பிரிவு` என்று பாதியில் வெட்டுப்படும். எதை முதலில் செய்தாலும் மற்றது கெடும். இரண்டையும் ஒரே நடையில், இடமிருந்து வலமாகச் செய்தால்தான் தீரும்:

```
//.*|/\*[^*]*\*+(?:[^/*][^*]*\*+)*/|'(?:[^'\\]|\\.)*'|("[^"\\]*(?:\\.[^"\\]*)*")
```

ஒற்றை வரிக் கொமென்ட், பல வரிக் கொமென்ட், ஒற்றை மேற்கோளுக்குள் (`'`) வரும் எழுத்து, கடைசியில் நமக்கு வேண்டிய ஸ்ட்ரிங். முதல் மூன்றும் வந்தால் விழுங்கிவிட்டுப் போகும். நாலாவது மட்டும் அடைப்புக்குறிக் குழுவில் விழும், அந்தக் குழு நிரம்பிய பொருத்தங்களை மட்டும் நாம் எடுக்கிறோம். விழுங்கிய இடத்தை எஞ்சின் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் கொமென்டுக்குள் உள்ள அங்குலக் குறி யாரையும் தொந்தரவு செய்யாது, ஸ்ட்ரிங்குக்குள் உள்ள சாய்கோடும் கொமென்டாகாது.

நான் இந்த வடிவத்துக்கு மாறிய பிறகு அந்த நாலு வரிகளும் பட்டியலுக்குள் வந்தன. ரெஜெக்ஸை விட மனமில்லாதவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

மொழிக்கேற்ப கிளைகளைச் சேர்க்க வேண்டும் என்பது இதன் செலவு. ஜாவா 15இல் மூன்று மேற்கோள் பகுதி வந்தது. அதற்கான கிளையைச் சாதாரண ஸ்ட்ரிங்குக்கு முன்னால் போடாவிட்டால், `"""` என்பது ஒரு வெற்று ஸ்ட்ரிங்காகவும் அதற்குப் பின் ஒரு புதிய தொடக்கமாகவும் படிக்கப்படும். பைத்தனுக்கும் அப்படியே.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் `/"/` என்று ஒரு ரெஜெக்ஸையே நேராக எழுதலாம். அந்தச் சாய்கோடு வகுத்தலா, ரெஜெக்ஸின் தொடக்கமா என்று இலக்கணம் தெரியாமல் சொல்ல முடியாது. 2015இல் வந்த டெம்ப்ளேட் ஸ்ட்ரிங்கில் ஸ்ட்ரிங்குக்குள் நிரல், அந்த நிரலுக்குள் இன்னொரு ஸ்ட்ரிங் என்று எவ்வளவு ஆழத்துக்கும் போகலாம். பைத்தன் 3.12இல் எஃப்-ஸ்ட்ரிங்கின் நெளி அடைப்புக்குள் வெளியே உள்ள அதே மேற்கோளையே மறுபடி பாவிக்க அனுமதித்துவிட்டார்கள். அதுவரை சரியாக ஓடிய ரெஜெக்ஸுகள் அப்படி எழுதிய நிரலில் இனி ஓடாது. ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் அமைப்பு கிளீனியின் ஒழுங்கு மொழிக்குள் அடங்காது, கெட்டிக்காரத்தனத்தால் தாண்டக்கூடிய எல்லையில்லை அது.

## தெரிவு 4: கையால் எழுதும் ஸ்கேனர்

எழுத்தெழுத்தாக வாசித்து, “இப்போது நான் நிரலில் இருக்கிறேனா, கொமென்டிலா, ஸ்ட்ரிங்கிலா, பேக்ஸ்லாஷுக்கு அடுத்தா?” என்று ஒரு மாறியில் நினைவு வைத்துக்கொள்ளும் சின்ன நிரல். நாற்பது ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும்.

படிக்கிற பிள்ளைகள் ஒருமுறையாவது இதை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். உயர்தரத்தில் கணினி படிக்கும் ஒரு பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதி முடித்ததும், மூன்றாம் தெரிவு ரெஜெக்ஸை மறுபடி பார்த்து, “அக்கா, இந்தக் கோடு ஒவ்வொண்ணும் என்னோட ஒரு நிலைதானே” என்றாள். அதன்பின் அவளுக்கு ரெஜெக்ஸ் மந்திரமாகத் தெரியவில்லை.

நடைமுறையிலும் லாபம் உண்டு. மூடாத ஸ்ட்ரிங் எந்த வரியில் தொடங்கியது என்று சொல்லும். டெம்ப்ளேட்டின் ஆழத்தை ஒரு எண்ணியால் கணக்கு வைக்கலாம். பின்வாங்கலே கிடையாது. எதையும் தரவிறக்க வேண்டாம். செலவு, அந்த மொழியின் விதி மாறும்போதெல்லாம் நீங்கள்தான் திருத்த வேண்டும். நீங்கள் ஊர் மாறிப் போனால் அது அநாதையாகும். யாரும் டோக்கனைசர் எழுதாத சொந்த அமைப்புக் கோப்புகளுக்கும், ரெஜெக்ஸ் நாலு வரியைத் தாண்டிவிட்ட இடங்களுக்கும் இது சரி.

## தெரிவு 5: மொழியின் சொந்த டோக்கனைசர்

டோக்கனைசர் என்பது நிரலைச் சொல், குறி, ஸ்ட்ரிங் என்று துண்டு துண்டாகப் பிரிக்கும் கருவி. மொழியை உருவாக்கியவர்களே விதியை எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் ஏன் ஊகிக்க வேண்டும்? பைத்தனோடு டோக்கனைஸ் மொட்யூல் வருகிறது, கோவோடு அதன் ஸ்கேனர் பொதி வருகிறது, பிஎச்பிக்குள்ளும் டோக்கனைசர் உண்டு, ஜாவாவின் நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேயோடு கொம்பைலரின் மர அமைப்பே (நிரலை இலக்கணப்படி கிளை கிளையாகப் பிரித்தது) வருகிறது. இவற்றுக்கு டேட்டா செலவு ஒன்றுமில்லை. ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் ஏக்கோர்ன், பேபல் போன்றவற்றை இறக்க வேண்டும்.

கோப்பை மாற்றி எழுதும் வேலைக்கு டோக்கனைசரை எடுங்கள், மர அமைப்பை யோசித்து எடுங்கள். பைத்தனின் ஏஎஸ்டி மரத்தில் கொமென்டுகள் இருக்காது, எந்த மேற்கோளில் எழுதியிருந்தது என்பதும் மறைந்துவிடும். மரத்திலிருந்து திரும்ப எழுதினால் அடுத்தவர் போட்ட கொமென்டெல்லாம் அழிந்த கோப்பு கையில் வரும். டோக்கனைசர் இடத்தைச் சொல்லும். அந்த இடத்தில் மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விடலாம்.

முடிவு பெறாத கோப்பில் பைத்தனின் டோக்கனைசர் பிழை எறிந்துவிட்டு நின்றுவிடும். அந்த இடத்தில் ட்ரீ-சிட்டர் என்ற பார்சர் கருவி உதவும். எடிட்டர்களுக்காக எழுதப்பட்டது, ஆள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே ஓட வேண்டியது, ஆகவே உடைந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு மீதியைப் படிக்கும். ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் இலக்கணப் பொதியை நிறுவ வேண்டும்.

மொழிபெயர்ப்புக்காகவே என்றால் ஜிஎன்யூ கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித் தொகுப்பில் ஸ்ட்ரிங்கை வெளியே எடுக்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஜாவா, பைத்தன், பிஎச்பி எல்லாம் அதற்குத் தெரியும். வழக்கமாகக் குறிப்பிட்ட செயற்பெயருக்குள் சுற்றப்பட்டவற்றை மட்டும் எடுக்கும், எல்லாவற்றையும் எடு என்ற தெரிவும் அதில் உண்டு. இதை அன்றைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு மாதச் சம்பளச் சீட்டு காப்பாற்றப்பட்டிருக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| தெரிவு | எஸ்கேப் | கொமென்ட் | மூடாத ஸ்ட்ரிங் வந்தால் | நிறுவல் | எதற்கு |
|---|---|---|---|---|---|
| 1. எளிய ரெஜெக்ஸ் | தெரியாது | தெரியாது | தலைகீழாகும் | இல்லை | கண்ணால் பார்த்துத் தேட |
| 2. எஸ்கேப் ரெஜெக்ஸ் | தெரியும் | தெரியாது | தவறாக எழுதினால் உறையும் | இல்லை | தொடக்கம் தெரிந்த இடத்தில் |
| 3. எல்லாம் விழுங்கும் ரெஜெக்ஸ் | தெரியும் | தெரியும் | வரிமுடிவைத் தடுத்தால் தாக்குப்பிடிக்கும் | இல்லை | பட்டியல் எடுக்க |
| 4. கை ஸ்கேனர் | தெரியும் | தெரியும் | வரி எண் சொல்லும் | இல்லை | சொந்த வடிவக் கோப்பு, கற்க |
| 5. டோக்கனைசர் | முழுதாக | முழுதாக | பெரும்பாலும் பிழை எறியும் | மொழியைப் பொறுத்து | மாற்றி எழுத |

பொகவந்தலாவைத் தம்பிக்கு நான் சொன்னது: பட்டியல் எடுக்க மூன்றாவது, ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழைப் போடும் கட்டத்துக்கு ஐந்தாவது. இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வரும் வரிகளைக் கண்ணால் பாருங்கள் என்றேன். பார்சரை முழுதாகப் படிக்கத் தேவையில்லை, டோக்கனைசரைக் கூப்பிடத் தெரிந்தால் போதும்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் இந்த ஒன்பது வரிகளை ஒரு கோப்பில் போட்டு ஓட்டுங்கள். கொம்பைல் ஆக வேண்டியதில்லை, எட்டாவது வரி வேண்டுமென்றே உடைந்தது. டோக்கனைசர் அந்த வரியில் நின்றுவிட்டால் அதை எடுத்துவிட்டு ஓட்டலாம், விடை மாறாது.

```
வை("");
வை("அரைப் பேர்"); வை("முழுப் பேர்");
வை("துரை \"நாளைக்கு வாங்க\" என்றார்");
வை("தோட்டம்\\");
வை("பிரிவு//கணக்கு"), // 9.5" தாள்
/* "இது ஸ்ட்ரிங் இல்லை" */
வை('"'); வை("சந்தா");
வை("முடியாத வரி
வை("தூள் காசு");
```

சரியான விடை 8 ஸ்ட்ரிங். `"[^"]*"` 11 காட்டும், இரண்டாம் தெரிவு 10 காட்டும். மூன்றாம் தெரிவு மேலே எழுதியபடியே 8 காட்டும், ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள், பட்டியலைத் திறந்து பாருங்கள். வரிமுடிவைச் சதுர அடைப்புக்குள் சேர்க்காவிட்டால் அந்த எட்டில் ஒன்று உடைந்த வரியின் குப்பையாக இருக்கும், ‘தூள் காசு’ இருக்காது. சேர்த்த பிறகும் 8தான் வரும், இந்த முறை ‘தூள் காசு’ கடைசியில் நிற்கும்.